அன்வேஷணம்: சொல் விளக்கம்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு தோட்டப் பகுதிகளிலும் வாழும் தமிழர் பேச்சில் 'விஜிலன்ஸ் அன்வேஷணம்', 'சிபிஐ அன்வேஷணம்' என்னும் தொடர்கள் மலையாளச் செய்திகளின் வழியே வந்து இயல்பாகக் கலந்துவிட்டன. விஜிலன்ஸ் என்பது கேரள அரசின் ஊழல் தடுப்புத் துறை. தமிழில் எழுதும்போது பலர் இதை 'விசாரணை' என்று மாற்றிவிடுகின்றனர். பேச்சுக்கு அது போதும். அரசு ஊழியர் மீதான ஊழல் புகாரில் நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணையைப் பற்றி எழுதுவதற்கு அது போதாது.

அன்வேஷணம் வடசொல். பின்னே என்று பொருள்படும் 'அனு'வும் தேடுதல் என்று பொருள்படும் 'ஏஷண'மும் சேர்ந்து அமைந்த இச்சொல், ஒன்றன் தடம் பற்றித் தேடிச் செல்வதைக் குறிக்கும். மலையாளச் சட்ட வழக்கில் காவல்துறை சான்று திரட்டும் பணி அன்வேஷணம். குற்றப்பத்திரிகை வந்தபின் நீதிமன்றம் சாட்சிகளைக் கேட்டுத் தீர்ப்பை நோக்கிச் செல்லும் பணி 'விசாரண'. நம்முடைய விசாரணையும் அதே வடசொல்தான். ஆராய்ந்து எண்ணுதல் என்பது அதன் மூலப்பொருள். மலையாளத்தில் 'ஞான் விசாரிச்சு' என்றால் நான் நினைத்தேன் என்று பொருள். தமிழில் விசாரித்தேன் என்றால் கேட்டறிந்தேன் என்று பொருள். ஆகவே 'விசாரண தொடங்கி' என்ற மலையாளச் செய்தியை, காவல்துறை இப்போதுதான் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறது என்று தமிழர் ஒருவர் புரிந்துகொண்டால், வழக்கில் சில ஆண்டுகள் பின்தங்கிப் போவார்.

சட்டம் இவற்றை வெவ்வேறாகவே வைத்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் சான்று திரட்டுவது காவல்துறையின் வேலை. நீதிமன்றம் அதைத் தானே செய்வதில்லை, செய்யும்படி ஆணையிடுகிறது. அந்த வேலைக்குரிய தமிழ்ச்சொல் புலனாய்வு. புலனாதல் என்றால் தெரியவருதல். மறைந்திருப்பதைப் புலப்படச் செய்யும் ஆய்வு என்று இதை விரிக்கலாம். தமிழகக் காவல் நிலையங்களில் வழங்கும் 'புலன் விசாரணை'யும் பிழையன்று என்றாலும், குழப்பத்துக்குக் காரணமான சொல்லை மீண்டும் உள்ளே கொண்டுவருவதால் புலனாய்வையே நான் விரும்புகிறேன்.

யார் யாருக்கு ஆணையிடலாம் என்பதிலும் வேறுபாடு உண்டு. திருச்சூரில் உள்ளது போன்ற விஜிலன்ஸ் நீதிமன்றம் மாநில விஜிலன்ஸ் துறையைப் புலனாய்வு செய்யப் பணிக்கலாம். ஆனால் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) ஒருவர் சிபிஐக்கு அவ்வாறு ஆணையிட இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் கூறியது. அந்த அதிகாரம் அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்துக்கும், 32-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்துக்கும் உரியது. சிபிஐ ஒரு மாநிலத்துக்குள் செயல்பட, அதற்கு அதிகாரம் தரும் 1946-ஆம் ஆண்டு டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம் மாநில அரசின் இசைவைக் கேட்கிறது. கேரளம் 2020-லும் தமிழ்நாடு 2023-லும் பொது இசைவை, அதாவது வழக்குதோறும் கேட்க வேண்டியிராத இசைவை, திரும்பப் பெற்றதால், வாளையாறு எல்லைக்கு இருபுறமும் ஒரே நிலை ஏற்பட்டது. எனினும் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் ஆணைக்கு அந்த இசைவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2010 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பளித்தது. அரிதாகவும் எச்சரிக்கையுடனும் மட்டுமே இதைக் கையாள வேண்டும் என்றும் சொன்னது. அரசியல்வாதிகள் ஹவாலா வழியே பணம் பெற்றதாகக் கூறப்பட்ட ஜெயின் ஹவாலா வழக்கில் புலனாய்வைத் தொடர்ந்து மேற்பார்வையிட்ட உச்ச நீதிமன்றம், குற்றப்பத்திரிகை தாக்கலானதும் அந்த வழக்கில் தன் மேற்பார்வை முடிவுறும் என்று 1997-ல் வரையறுத்ததும் இங்கே கருதத்தக்கது. புலனாய்வு அங்கே முடிகிறது. மலையாளத்தார் சொல்லும் விசாரண தொடங்குகிறது.

'ஸ்வதந்த்ர அன்வேஷணம்' என்பதைச் 'சுதந்திர விசாரணை' என்று எழுதுவதைவிடச் 'சார்பற்ற புலனாய்வு' என்பது பொருத்தம். எந்த அமைப்பும் முழுச் சுதந்திரம் உடையதன்று. புகாருக்கு உள்ளானவரின் பிடிக்குள் அது இருக்கக் கூடாது என்பதே கேட்கப்படுவது.

ஒரே ஓர் இடத்தில் அன்வேஷணத்தைப் புலனாய்வு என்று மாற்றுவது செல்லாது. கேரள விஜிலன்ஸ் வழக்கில் அடிபடும் 'த்வரிதான்வேஷணம்', முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்பே புகாரில் உண்மை உண்டா என்று விரைந்து பார்ப்பது. ஊழல் புகார்களில் இத்தகைய முதற்கட்ட விசாரணைக்கு இடமுண்டு என்று 2013-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. சொல்லுக்குள் அன்வேஷணம் இருந்தாலும் சட்டப்படி அது புலனாய்வு அன்று. அதைத் தமிழில் 'விரைவு முதற்கட்ட விசாரணை' என்றே எழுத வேண்டும்.