பட்டியல், ஜென்மம் நிலம், மனு: டெல்லியில் எந்த அவை என்ன செய்யும்?

நீலகிரி மலையில் வாழும் படுகர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஊட்டி கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க கலெக்டராலும் முடியாது, முதலமைச்சராலும் முடியாது. அரசியலமைப்பின் 342-வது பிரிவுப்படி அதற்கு நாடாளுமன்றம்தான் சட்டம் போட வேண்டும். நாடாளுமன்றம் என்றால் மக்களவை, மாநிலங்களவை, குடியரசுத் தலைவர் மூன்றும் சேர்ந்தது.

மசோதா அவைக்கு வருவதற்கு முன்பே பாதை நீளம். மாநில அரசு ஆதாரத்தோடு பரிந்துரைக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் இந்தியப் பதிவாளர் ஜெனரலும் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் சம்மதித்தால்தான் மத்திய அமைச்சரவைக்குப் போகும். பதிவாளர் ஜெனரல் ஏற்காவிட்டால் கோப்பு சென்னைக்கே திரும்பும். கூடுதல் விளக்கத்தோடு மறுபடி அனுப்ப வேண்டும். கோரிக்கைகள் சிக்கிக் கிடப்பது பெரும்பாலும் இங்கேதான். இதைத் தாண்டிவிட்டால் மீதி சுலபம்: தமிழ்நாட்டு நரிக்குறவர், குருவிக்காரர்களைச் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் ஒரே மாதத்துக்குள் இரு அவைகளிலும் நிறைவேறியது.

இப்படிப்பட்ட சாதாரண மசோதாவை எந்த அவையிலும் முதலில் கொண்டுவரலாம். அறிமுகம், உட்பிரிவு உட்பிரிவாக விவாதம், கடைசி வாக்கெடுப்பு. வந்திருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் போதும். அவை நடக்கவே பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருக்க வேண்டும்: மக்களவையில் 55, மாநிலங்களவையில் 25. ஓர் அவை நிறைவேற்றியதை மற்றது நிராகரித்தாலோ, திருத்தத்தில் ஒத்துப்போகாவிட்டாலோ, ஆறு மாதம் கிடப்பில் போட்டாலோ குடியரசுத் தலைவர் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டலாம். 543 பேருக்கு எதிரே 245 பேர் என்பதால் அங்கே மக்களவையின் கைதான் ஓங்கும். இதுவரை 1961, 1978, 2002 என மூன்று முறைதான் நடந்திருக்கிறது. பண மசோதாவில் (வரி, அரசுச் செலவு பற்றியது) இந்தச் சண்டைக்கே இடமில்லை. மாநிலங்களவை 14 நாளுக்குள் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். எது பண மசோதா என்று தீர்மானிப்பவர் சபாநாயகர்.

அரசியலமைப்புத் திருத்தம் வேறு கணக்கு. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது ஏட்டுப் பாடமல்ல. ஜென்மம் எனும் பழைய பரம்பரை நிலவுடைமையை ஒழிக்கும் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969-இல் சட்டமன்றம் போட்டது. காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974-இல் நாடாளுமன்றம் 34-வது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில் (அடிப்படை உரிமையை மீறுகிறது என்று நீதிமன்றம் ரத்து செய்யாதபடி சட்டங்களைக் காக்கும் பட்டியல்) சேர்த்தது. இப்படியொரு திருத்தத்துக்கு ஒவ்வோர் அவையிலும் தனித்தனியே இரண்டு எண்ணிக்கை தேற வேண்டும்: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் (இன்றைய கணக்கில் மக்களவையில் 272, மாநிலங்களவையில் 123), வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. மக்களவையில் 450 பேர் வாக்களித்தால் 300 வேண்டும். மாநிலங்களவை மறுத்தால் கதை முடிந்தது. கூட்டுக் கூட்டம் கிடையாது. அந்த அதிகாரத்துக்கும் வரம்பு உண்டு. இதே கூடலூர் வழக்கில்தான் 2007-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களை அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை (திருத்தத்தாலும் சிதைக்க முடியாத அதன் அடித்தளம்) வைத்துச் சோதிக்கலாம் என்றது.

தேர்தல் நெருங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்களவை கலைந்தால் அங்கே கிடக்கும் மசோதாவும், அது நிறைவேற்றி மாநிலங்களவையில் நிலுவையாக உள்ளதும் காலாவதி. மாநிலங்களவையில் தொடங்கி இன்னும் மக்களவைக்குப் போகாதது தப்பிக்கும். 2010-இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மகளிர் ஒதுக்கீட்டு மசோதா, மக்களவை கலைந்ததால் 2014-இல் காலாவதியானது.

நமக்கு எம்.பி. யார் என்றால் நீலகிரி தொகுதிக்காரர் ஒருவரை மட்டும் சொல்கிறோம். அந்தத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உதகை, கூடலூர், குன்னூர் மட்டுமே மலையில். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல் எம்.பி. இவர்களோடு தமிழகத்துக்கு 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் உண்டு. ஆறு ஆண்டுப் பதவி. அந்த ஆறு ஆண்டுக்குள் மூன்று தவணையாக, ஒவ்வொன்றிலும் ஆறு இடங்கள் காலியாகும். அப்போது ஒருவர் ஜெயிக்க 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும். இந்த 18 பேரும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் வேலையைப் பரிந்துரைக்கலாம். மலைக்காரர்கள் இவர்களைத் தேடிப் போவதே இல்லை என்பதுதான் வருத்தம்.

பொதுமக்கள் நேரடியாக மக்களவைக்கே மனு போடலாம். அதற்கென மனுக்கள் குழு இருக்கிறது. தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பைச் சேர்த்து, அதிலும் கையெழுத்திட வேண்டும். எம்.பி. ஒருவர் மூலம் அவையில் வைத்தால் அவருடைய மேலொப்பம் தேவை. பட்டா நகல், பழைய கடிதம் எதையும் இணைக்கக் கூடாது. சொல்ல வேண்டியது மனுவுக்குள்ளேயே இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தை ஏற்க மாட்டார்கள், ஆகவே வழக்கு நடக்கும் பிரிவு-17 நிலத்துக்கு (ஜென்மம் சட்டத்தின் 17-வது பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலம்) இந்த வழி உதவாது. மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டியதும் அப்படியே. பசுந்தேயிலை விலை போன்ற மத்திய வர்த்தக அமைச்சகம் பதில் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு, எம்.பி.யைக் கேள்வி கேட்க வைப்பது இன்னும் சீக்கிரம். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை. கூட்டத்தொடர் தொடங்கியபின் எழுதிக் கொடுத்தால் பதில் வருவதற்குள் அவை முடிந்துவிடக்கூடும்.