தொண்டையில் எலும்பு இல்லை

ஒரு மார்கழிக் காலை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் செவலை நாய் ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். திருநெல்வேலி குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் நடக்கப் போனவர், படித்துறை ஓரம் அது சுருண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறார். கீழ்த்தாடை தொங்கிவிட்டது. எச்சில் நூல்நூலாக ஒழுகியது. குரைக்கப் பார்த்தால் காற்றுதான் வந்தது.

“தொண்டையில எலும்பு சிக்கிக்கிட்டு டாக்டரே. ரெண்டு விரல விட்டுத் துழாவிப் பாத்துட்டேன், அம்புடல.”

அவர் கையை வாங்கிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டி ஒரு கீறல். முந்தின நாள் தேங்காய் துருவும்போது பட்டதாம்.

நாயை விட்டுவிட்டு முதலில் அவரைக் குழாயடிக்கு அனுப்பினேன். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், 15 நிமிடம். மூன்றாவது நிமிடத்திலேயே “போதுமா சார்?” என்றார். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள்.

வெறிநோய், அதாவது ரேபிஸ், என்றதும் நமக்கு, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் நாய்தான் நினைவுக்கு வரும். இன்னொரு வகை இருக்கிறது. அந்த நாய் யாரையும் விரட்டாது. மூலையில் போய் ஒடுங்கும். தாடைத் தசையும் தொண்டைத் தசையும் செயலிழப்பதால் வாய் மூடாது, விழுங்க முடியாது. அசல் எலும்பு சிக்கியது மாதிரியே இருக்கும். கடிக்கிற நாயிடமிருந்து விலகி ஓடுகிறோம். இதன் வாய்க்குள்ளோ நாமே கையை விடுகிறோம். என் அனுபவத்தில் நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

வாத்தியார் விடவில்லை. “ஆத்துல வாய வச்சுக் குடிச்சுச்சே, நானே பாத்தேம்லா! அப்புறம் எப்படி வெறின்னு சொல்லுதீய?”

தண்ணீரைக் கண்டு மிரள்வது நோய் வந்த மனிதரிடம் காணும் அறிகுறி. நாய்க்கு அந்தப் பயம் கிடையாது. தாகம் எடுத்தால் தண்ணீரில் வாயை வைக்கும். உள்ளே இறங்காமல் திரும்ப ஒழுகும். தண்ணீர் குடித்தால் வெறியில்லை என்ற பேச்சை இன்னும் எத்தனை ஊரில் கேட்கப் போகிறேனோ.

அன்றைக்கே அவரை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். புண்ணில் எச்சில் பட்டிருப்பதால் தடுப்பூசியோடு, கீறலைச் சுற்றி, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆம் நாட்களில் ஊசி. மூன்றாவது ஊசியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். 28 ஆம் நாளை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வது உண்மைதான், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். மனிதருக்கு நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. புண்ணில் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் என்று அப்பிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அதைக் கழுவி எடுப்பதே பெரும்பாடு.

அந்த நாயைத் தனிக்கூண்டில் வைத்தோம். மூன்றாம் நாள் இறந்தது. மூளை மாதிரியைச் சோதித்ததில் ரேபிஸ்தான்.

இதைப் படித்துவிட்டுத் தெருநாய் எல்லாவற்றையும் எமனாகப் பார்க்கவும் வேண்டாம். வழியில் பார்க்கும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் உதவியே தேவையில்லை. காதோரம் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு விட்ட நாய். 2023 ஆம் ஆண்டு தெருநாய்க் கருத்தடை விதிகளின்படி பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்பட்டது. இரக்கப்பட்டு வேறு தெருவுக்குக் கொண்டுபோனால் அங்கே இருக்கிற நாய்கள் குதறிவிடும். அந்த வெட்டு ஆயுள் உத்தரவாதமும் இல்லை; தடுப்பூசியை வருடா வருடம் போட வேண்டும்.

மானூர்ப் பக்கமோ கோவில்பட்டிப் பக்கமோ நடந்தால் விலா எலும்பு தெரிய கன்னி, சிப்பிப்பாறை என்கிற நாட்டு வேட்டைநாய் இனங்களில் ஒன்று எதிரே வரும். பட்டினி என்று நினைத்து ஒருவர் அப்படி ஒன்றைத் தூக்கிவந்தார். அதன் உடல்வாகே அப்படி. கழுத்தில் முடி தேய்ந்து வளையம் போட்டிருந்தது, தினமும் கட்டிப்போட்ட தடம். விசாரித்தால் ஆட்டுக்கிடைக்காரர் ஒருவர் இரண்டு நாளாக அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆகவே பத்தடி தள்ளி நின்று, கையை நீட்டாமல், இரண்டு நிமிடம் பாருங்கள். வாய் மூடுகிறதா? நடை நேராக இருக்கிறதா? பக்கத்தில் குட்டி இருக்கிறதா? குட்டி போட்ட தாய் நோய் எதுவும் இல்லாமலே கடிக்கும். புழுப் புண் இருந்தால் மண்ணெண்ணெயோ பழைய எஞ்சின் ஆயிலோ ஊற்ற வேண்டாம், வெந்துபோகும். வீட்டிலிருக்கும் வலி மாத்திரையும் வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

வாத்தியார் எல்லா ஊசியும் போட்டு முடித்து நலமாக இருக்கிறார். எங்களை அலையவிட்டவர் ஆட்டோக்காரத் தம்பி. நாயின் வாயைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, அதையே உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருந்தார். வண்டி எண் யாருக்கும் தெரியாது. ரயில் சந்திப்பு ஆட்டோ ஸ்டாண்டில் ஒவ்வொருவராகக் கேட்டு, இரண்டாம் நாள் சாயங்காலம் ஆளைக் கண்டுபிடித்தோம். உள்ளங்கை முழுக்க வெடிப்பு.

“நான் நாயத் தொடவே இல்லையே சார்,” என்றார்.