முஷ்டியை இறுக்கினால் முன்கையின் பின்புறம் ஏன் இறுகுகிறது?

வலது கையை இறுக்கி முஷ்டி பிடியுங்கள். அப்படியே இடது கையால் வலது முன்கையின் பின்புறத்தை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி இருக்கும். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையின் உட்புறத்தில்தானே இருக்கின்றன? பின்புறத்தில் இருப்பவை நீட்டும் தசைகள். மடக்கும்போது அவற்றுக்கு என்ன வேலை?

விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரல்களுக்குப் போகின்றன. அவை இழுத்தால் மணிக்கட்டும் சேர்ந்து மடங்கப் பார்க்கும். மடங்கிவிட்டால், ஏற்கெனவே சுருங்கிய தசைக்கு மேலும் சுருங்க இடமிருக்காது, பிடி தளர்ந்துவிடும். மணிக்கட்டை நன்றாக உள்நோக்கி மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், புரியும். அதனால் மணிக்கட்டைப் பின்னால் இழுத்து நிறுத்த ஆள் வேண்டும். பெருவிரல் பக்கம் இரண்டு, சுண்டுவிரல் பக்கம் ஒன்று என மூன்று தசைகள் அதைச் செய்கின்றன.

முன்கைப் பின்புறத்தின் மேலடுக்கில் மொத்தம் ஏழு தசைகள். அவற்றில் நான்கு, முழங்கையின் வெளிப்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முடிச்சில் ஒரே பொதுத் தசைநாணாகத் தொடங்குகின்றன. 'டென்னிஸ் எல்போ' வலி வருவதும் இங்கேதான். டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கும் அது வரும்: திருப்புளி சுழற்றுவது, துணி பிழிவது எல்லாமே இறுகப் பிடிக்கும் வேலைகள்தானே.

எனக்கு மிகவும் பிடித்தது விரல்களை நீட்டும் தசை. ஒரே தசை, நான்கு தசைநாண்களாகப் பிரிந்து நான்கு விரல்களுக்கும் போகிறது. புறங்கையில் இவற்றைக் குறுக்குப் பட்டைகள் இணைக்கின்றன. நடுவிரலை மடக்கி உள்ளங்கையை மேசைமேல் வைத்துவிட்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். லேசில் வராது! சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தனித்தனியாக இன்னொரு தசை உண்டு. மோதிர விரலுக்கு இல்லை.

மேலடுக்கின் ஏழு தசைகளையும் இயக்குவது ஆர நரம்பும் அதன் கிளைகளும்தான். மேற்கை எலும்பின் நடுப்பகுதி முறியும்போது சில சமயம் இந்த நரம்பு அடிபடும். அப்போது மணிக்கட்டு தொங்கிவிடும். மடக்கும் தசைகளுக்கு எந்தப் பாதிப்பும் இருக்காது, ஆனாலும் பிடியில் வலு இருக்காது. பட்டை கட்டி மணிக்கட்டைச் சற்றுப் பின்சாய்த்து நிறுத்தினால், அதே விரல்கள் மறுபடி இறுகப் பிடிக்கத் தொடங்கும்.