ஈரக்காற்றும் பழைய கிட்டாரும்

பினாங்கில், ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் வீட்டில், அப்பாவின் கிட்டார் பல ஆண்டுகள் அலமாரியின் மேல் கிடந்தது. அதன் முகப்பலகையில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே, ஒரு விரிசல். குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் சில நாள் வைத்திருந்தால் விரிசலுக்குள் ஒரு தாள் நுழையும். வரவேற்பறைக்குக் கொண்டுவந்தால் சில நாட்களில் அது இருந்த இடமே தெரியாது. மரம் தானாகவே கூடிவிட்டது என்று முதலில் நம்பினேன். உண்மையில் நார்கள் ஒட்டவேயில்லை. ஈரம் குடித்து வீங்கி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன.

அறுத்துப் பலகையாக்கிய பின்னும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டே இருக்கிறது. ஈரப்பதம் 50 விழுக்காடாக உள்ள காற்றில், மரத்தின் உலர் எடையில் சுமார் 9 விழுக்காடு நீர் தங்கும். 80 விழுக்காட்டில் அது 16 ஆக உயரும். கிட்டார் வசதியாக இருப்பது 45 முதல் 55 வரை. பினாங்கின் காற்றோ பெரும்பாலும் 80-ஐ ஒட்டியது. முகப்பலகைக்குரிய ஸ்புரூஸ் மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை, குறுக்குவாக்கில்தான் விரியும். 40 சென்டிமீட்டர் அகலப் பலகையைத் தடையின்றி விட்டால், இந்த வேறுபாட்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் அகலும். ஆனால் விளிம்புகளும் உட்புறச் சட்டங்களும் அதைப் பிடித்திருப்பதால், விரிய வழியின்றி மேல்நோக்கிப் புடைக்கிறது. வறண்ட அறையிலோ, சுருங்க வழியின்றி நாரை ஒட்டிப் பிளக்கிறது.

ஆகவே பசையை எடுப்பதற்கு முன் ஈரமானியை எடுக்க வேண்டும். ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு ஈடாக இழுப்பதால், முதலில் அவற்றைத் தளர்த்தினேன். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கிட்டாரை அதன் பெட்டிக்குள் வைத்து, ஈரமானியின் முள் 55-இல் நிலைக்கும்வரை இரண்டு வாரம் காத்திருந்தேன். வீங்கிய நிலையில் ஒட்டினால், மரம் மறுபடி வறளும்போது ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும்.

விரிசலுக்கு மஞ்சள் மரப்பசை போதும். மேலே பூசி, பலகையை விரலால் மெல்ல அமுக்கி அமுக்கி விட்டால், நுண்துளைக் கவர்ச்சியால் பசை உள்ளே இறங்கும். அடியில், விரிசலுக்குக் குறுக்காக நாரோட்டம் அமையும்படி 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்புரூஸ் துண்டுகளை ஒட்ட வேண்டும். பிடிகருவி எட்டாத அந்த இடத்தில் உள்ளே ஒரு காந்தமும் வெளியே ஒரு காந்தமும் வைத்தேன். பலகையைக் கடந்து அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. (வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விடாதீர்கள், அந்தச் சூட்டில் பசை இளகிப் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.)

மெருகுக்கு நான் தேர்ந்தது அவலரக்கு. அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினைத் தூய்மையாக்கி அவல்போல் செதிலாக்கியது அது, ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) கரையும். பாலியூரித்தேன் இறுகும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால் மேற்பூச்சு அதில் கலக்காது. அவலரக்கிலோ, புதிய பூச்சிலுள்ள ஸ்பிரிட் பழைய பூச்சைச் சற்றே கரைப்பதால் இரண்டும் ஒரே படலமாகின்றன. ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்க இதைவிட நல்ல மெருகு இல்லை என்பது என் எண்ணம். உப்புத்தாளை மிக மென்மையாகவே ஓட்ட வேண்டும். பலகையின் தடிப்பே 3 மில்லிமீட்டர்தான், தேய்ந்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

அப்பாவின் பழைய வேட்டித் துணியில் பஞ்சைப் பொதிந்து, அரக்கில் தோய்த்து, வரவேற்பறையில் பூசத் தொடங்கினேன். வெளியே மழை. சில நிமிடங்களில் பலகைமேல் வெண்படலம் பாலாடைபோலப் படர்ந்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். 28 பாகை செல்சியஸும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றுக்குப் பனிநிலை, அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 24 பாகை. பரப்பு நான்கு பாகை குளிர்ந்தாலே நீர் படிந்து, நுண்துளிகளாக அரக்குக்குள் சிக்கி, ஒளியைச் சிதறடிக்கும். 25 பாகையும் 50 விழுக்காடு ஈரமும் உள்ள அறையில் பனிநிலை 14-க்கு இறங்குவதால், நடுவே 11 பாகை இடைவெளி கிடைக்கிறது. பலகையைப் பிளந்த அதே படுக்கையறைதான் மெருகிடத் தகுந்த இடம் என்று அப்போது விளங்கியது. அங்கே ஸ்பிரிட் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைத்ததும் சிக்கிய ஈரம் வெளியேறி, வெண்மை அகன்றது.

மெருகு கெட்டிப்பட ஒரு மாதம் விட்டுக் கம்பிகளை ஏற்றினேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் விரிசல் ஓடிய கோடு இன்னும் தெரிகிறது; நகத்தால் வருடினால் எங்கும் தட்டுவதில்லை.