பேயும் அல்ல, மனச்சிதைவும் அல்ல

"ரெண்டு ஆளா மாறிடுறா, மேடம்" என்றுதான் பெங்களூரு அல்சூரிலிருந்து தங்கையை அழைத்துவந்த அண்ணன் பேச்சைத் தொடங்கினார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தங்கையை வாட்டியதோ வேறொன்று: வாங்கிய நினைவே இல்லாத புடவைகள் பீரோவில் இருந்தன, தன் கையெழுத்திலேயே, எழுதிய ஞாபகமில்லாத சீட்டுகள் கைப்பையில் கிடைத்தன.

திரைப்படங்களில் குரலும் நடையும் நொடியில் மாறிக் கொலைவரை போகும் பாத்திரங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இப்படி நினைவும் 'நான்' என்ற உணர்வும் துண்டுபட்டு நிற்கும் விலகல் அடையாளக் கோளாறு (Dissociative Identity Disorder) பெரும்பாலும் ஒளிந்தே இருக்கும் என்பதை நம்புவது கடினம். இந்தக் கோளாறு உள்ளவர்களால் பிறருக்கு ஆபத்து என்று அஞ்சுகிறோம். உண்மையில் அவர்களுக்கு அவர்களாலேயே ஆபத்து. புறநோயாளிகளாகச் சிகிச்சை பெறுவோரில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தற்கொலைக்கு முயன்றவர்கள் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு.

ஸ்கிசோஃப்ரினியாவுக்கு நாம் 'மனச்சிதைவு' என்று பெயரிட்டதும் குழப்பத்தை வளர்த்துவிட்டது. அது ஆளுமை இரண்டாகப் பிளக்கும் நோய் அன்று. காதில் குரல் கேட்பது இரண்டிலும் உண்டு என்பதால் மருத்துவர்களே தடுமாறுவதுண்டு. ஆனால் மனச்சிதைவுக்கு மாத்திரைகளே முதன்மைச் சிகிச்சை. இந்தக் கோளாற்றுக்கென்று தனி மருந்து கிடையாது, ஆண்டுக்கணக்கில் நீளும் உளச்சிகிச்சையே வழி. ஓர் உடலுக்குள் பலர் குடியிருப்பதாகவும் கருதக்கூடாது. 'நான்' என்ற உணர்வு ஒன்றுசேர வேண்டிய குழந்தைப் பருவத்தில், பெரும்பாலும் காக்க வேண்டியவர்களிடமிருந்தே தொடர்ந்து வந்த கொடுமையால், அது ஒன்றுசேராமலே போயிருக்கிறது. 'பன்முக ஆளுமை' என்ற பழைய பெயர் 1994இல் மாற்றப்பட்டதற்கும் இந்தப் புரிதலே காரணம்.

வேறு ஆள்போல மாறுவதெல்லாம் நோயும் அன்று: ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது சாமி வந்து ஆடுபவரை நோயாளி என்று சொல்ல எந்த வரையறையும் இடம் தருவதில்லை. ஊர் ஏற்கும் வழிபாட்டுக்கு வெளியே, விரும்பாத வேளையில் வந்து, வேலையையும் உறவையும் குலைத்தால்தான் அது எங்கள் கவனத்துக்குரியது. அப்போதும் வலிப்பு, மது போன்ற காரணங்கள் இல்லை என்று முதலில் உறுதிசெய்வோம்.

தங்கை 'மாறும்போது' எடுத்த காணொளி ஒன்றை அண்ணன் செல்பேசியில் காட்ட வந்தார். அவளைக் கேட்டீர்களா என்றேன், கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வீட்டார் படம்பிடிப்பதையும், 'அந்த இன்னொருத்தியைக் கூப்பிடு' என்று சீண்டுவதையும், பழைய காயத்தைத் தோண்டிக் கேட்பதையும் விட்டாலே சிகிச்சைக்குப் பாதி உதவி. தற்கொலை எண்ணம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்: பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மனநல மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லலாம், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம்.