ஜவ்வு விலகலும் இஎஸ்ஐ விடுப்புப் பணமும்: எங்கே மாட்டிக்கொள்கிறது?

முதுகு வலிக்கும் கழுத்து வலிக்கும் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. பிசியோதெரபி, வீட்டிலும் விடாமல் செய்யும் உடற்பயிற்சி, கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரை, பாரம் தூக்காத வேலை, அவ்வளவுதான். ஆனால் குணமாக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சம்பளத்துக்கு வழியில்லாமல் பாதி வலியோடு வேலைக்குத் திரும்பி, மறுபடி படுத்துவிடுபவர்கள்தான் அதிகம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் போகிறதென்றால், வைத்தியத்தோடு விடுப்புப் பணமும் கேட்கலாம். ஓவர்டைம் சேர்ந்து சம்பளம் 21,000-ஐத் தாண்டியது என்று சொல்லி யாராவது உங்களை நீக்கினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வரம்புக்கு ஓவர்டைம் கணக்கில்லை. உண்மையிலேயே சம்பளம் உயர்ந்திருந்தாலும் அந்த ஆறு மாதப் பிடித்தக் காலம் முடியும்வரை நீங்கள் உள்ளேதான்.

பணம் போவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. பக்கத்து கிளினிக்கில் காட்டிவிட்டு, இரண்டு வாரம் வீட்டில் படுத்துவிட்டு, அந்த டாக்டரின் சர்டிபிகேட்டை இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் நீட்டினால் திருப்பித்தான் தருவார்கள். சர்டிபிகேட் இஎஸ்ஐ டாக்டர் கொடுத்ததாக இருக்க வேண்டும். அதனால் வேலைக்குப் போக முடியாத முதல் நாளே உங்கள் இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள். அங்கே பிசியோதெரபி இல்லையென்றால் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். சீட்டு இல்லாமல் வெளியே எடுத்த ஸ்கேன் பில்லுக்குப் பணம் கேட்டு அலைவது வீண்.

விடுப்புப் பணம் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். தினக்கூலி 500 என்றால் 350 ரூபாய். அடுத்தடுத்த இரண்டு பலன் காலங்களில், அதாவது ஓராண்டில், அதிகபட்சம் 91 நாள். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. வேலைக்குத் திரும்பிய 15 நாளுக்குள் வலி மறுபடி வந்து படுத்தால் அந்த இரண்டு நாள் வெட்டும் இல்லை. முதுகு வலிக்காரர்களுக்கு அடிக்கடி நடப்பது இது. கவுன்டரில் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பணத்துக்குத் தகுதி பெற, ஆறு மாதப் பிடித்தக் காலத்தில் 78 நாளுக்காவது இஎஸ்ஐ பிடித்தம் போயிருக்க வேண்டும். எந்த 78 என்பதில்தான் குழப்பம். ஜனவரி முதல் ஜூன் வரை படுத்தால் முந்தைய ஏப்ரல்–செப்டம்பர் கணக்கைப் பார்ப்பார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் முந்தைய அக்டோபர்–மார்ச். அந்த ஆறு மாதத்தில் வலியால் சம்பளமில்லா லீவு நிறைய போட்டிருந்தால் இங்கே உதைக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு வைத்தியம் முதல் நாளிலிருந்து உண்டு. விடுப்புப் பணத்துக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்.

91 நாள் தீர்ந்ததும் கதை முடிந்தது என்று நினைத்து எழுந்து போய்விடுகிறார்கள். நீண்டகால நோய்ப் பட்டியலில் முதுகெலும்பு ஜவ்வு விலகல் இருக்கிறது. அதற்கு 80 சதவீதம் பணம், முதலில் 124 நாள், மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் இரண்டு ஆண்டு வரை நீளும். ஆனால் சர்டிபிகேட்டில் வெறும் ‘இடுப்பு வலி’ என்று இருந்தால் இந்தப் பக்கமே வர முடியாது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ஜவ்வு விலகல் வந்திருந்தால், அந்த நோயின் பெயரை அப்படியே சர்டிபிகேட்டிலும் எழுதச் சொல்லுங்கள். 91 நாள் முடியும்வரை காத்திருக்காமல் முன்பே கேளுங்கள். இதற்கு இரண்டு ஆண்டு தொடர் வேலையும், முந்தைய நான்கு பிடித்தக் காலங்களில் 156 நாள் பிடித்தமும் வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது இஎஸ்ஐ எண் போட்டுவிடுவது இங்கேதான் கழுத்தை அறுக்கும். கணக்கு துண்டு துண்டாகிவிடும். எங்கே சேர்ந்தாலும் பழைய பத்து இலக்க எண்ணையே கொடுங்கள்.

ஓய்வுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் இஎஸ்ஐ டாக்டரிடம் அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனாலோ, இடையில் வேறு வேலை பார்த்தாலோ பணம் நிற்கும். கம்பெனி அதே நாளுக்கு லீவு சம்பளம் போட்டாலும் அந்த நாளுக்கு இஎஸ்ஐ தராது. இந்தப் பணம் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது விதி. நீக்கினால் உடனே இஎஸ்ஐ அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

வேலை நேரத்தில் மூட்டை தூக்கும்போது சட்டென்று இடுப்பு பிடித்துக்கொண்டால் அது நோயல்ல, விபத்து. அப்போது 90 சதவீதம், 78 நாள் நிபந்தனையும் கிடையாது. அதனாலேயே ‘சும்மா வலி என்று சொல்லுங்கள்’ என்று சூப்பர்வைசர் சொல்லுவார். அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர் பெயர் எழுதவைத்து, செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலில் பலம் குறைந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ சீட்டு, பரிந்துரை எதையும் பார்க்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.