பனை மட்டையின் பள்ளம்

"ஆடிக்காற்றுக்குச் சாயாத கோபுர மாதிரி செய்யச் சொன்னால், பிள்ளைகள் தெர்மாகோலைத் தடிமனாக ஒட்டிக்கொண்டே போகிறார்கள். இயற்கையில் எதைப் பார்க்கச் சொல்லலாம்?" என்று பணகுடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நேராக வாங்கும் ஊர் அது. டீச்சர், வெளியே நிற்கிற பனையைக் காட்டுங்கள்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். வளையும் தண்டில் ஓரத்துக்குத்தான் அதிகச் சுமை. பனைக்கு வைரம் என்கிற கெட்டி மரம் வெளிப்பக்கம் இருப்பதும் நடுவில் சோறு என்கிற மெத்தென்ற பகுதி இருப்பதும் அதற்குத் தோதாக அமைந்தவை. பழைய வீடுகளின் கூரையைத் தாங்கும் பனங்கைகள் அந்த வைரம்தான். இதெல்லாம் சரி, என் மனசு நிற்பது மட்டையில்.

பச்சை மட்டை ஒன்றைக் கருக்கு கிழிக்காமல் பிடித்துப் பாருங்கள். மேல்பக்கம் வாய்க்கால் மாதிரிப் பள்ளம். வளைத்தால் முரண்டு பிடிக்கும், முறுக்கினால் இணங்கும். ஏன்? சார்ட் பேப்பரில் இரண்டு குழல் சுருட்டி, ஒன்றின் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் பசை போட்டு ஒட்டுங்கள். இரண்டையும் முறுக்குங்கள். ஒட்டியது விடாது. ஒட்டாததில் இரு ஓரங்களும் ஒன்றையொன்று உரசி நழுவும். முறுக்கும் விசை குழலைச் சுற்றி வர ஒரு முழு வட்டம் வேண்டும். அது அறுந்ததும் எதிர்ப்பு படுத்துவிடுகிறது. மட்டையின் பள்ளமும் அப்படி அறுந்த வட்டம். நீள நார்கள் வளைவைத் தடுக்கின்றன, இடையிலுள்ள மென்மையான திசு நார்களை நழுவ விடுகிறது.

அதனால் ஓலையின் ஒரு பக்கத்தில் காற்று கூடுதலாக அடித்தால் மட்டை முறுக்கிக்கொடுக்கும், ஓலை காற்றோடு திரும்பும், விசிறி மடிப்புகள் ஒடுங்கும். அகன்ற இலைகள் காற்றில் கூம்பாகச் சுருண்டு விசையைக் குறைப்பதை அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீவன் வோகல் காற்றுச் சுரங்கத்தில், அதாவது வேண்டிய வேகத்தில் காற்றை ஓடவிடும் கூண்டில் வைத்து அளந்து 1989-இல் எழுதினார்.

நாமோ பனையில் பேய் என்று சொல்லிப் பிள்ளைகளை அண்டவிடாமல் வைத்தோம். அந்த ராத்திரிச் சத்தம் காவோலைகள் உரசுவது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. அறிவியல் கண்காட்சிப் பந்தலுக்குச் செலவழிக்கும் காசில் பள்ளிக்கு ஒரு சின்னக் காற்றுச் சுரங்கம் கட்டித்தரலாம்.

அதுவரை பெடஸ்டல் ஃபேன் போதும். ஒரே அளவு அட்டை ஓலையை, ஒட்டிய குழலில் ஒருமுறையும் ஒட்டாத குழலில் ஒருமுறையும், நடுவை விட்டுச் சற்றுத் தள்ளிப் பொருத்துங்கள். மாதிரி சாயாமலிருக்க அடிப்பலகையில் எத்தனை பத்து ரூபாய் நாணயம் வைக்க வேண்டியிருக்கிறது என்று மூன்று வேகத்திலும் எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் குழலின் திறந்த பக்கத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி, மறுபடியும் எண்ணட்டும்.